பழைய எண், புதிய எண்

சர்மா நகர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெபமணி ஜெராக்ஸ். பக்கம் ரெண்டு ரூபாய்.
டைப்பிங் என்றால் இருபது.
பாதி இறங்கிய ஷட்டருக்குத் தலைகுனிந்து
உள்ளே வந்தார் அவர்.
ஆறடி நாலங்குலம். முட்டியில் பழைய தையல்.
போன ஞாயிறோடு வேலை போயிருந்தது:
ஏழு மேட்ச், ஒரு வெற்றி, ரெண்டு டிரா.
கூட்டி வந்தபோது ஏர்போர்ட்டில் ஆளுயர மாலை.
அனுப்பியது வாட்ஸப்பில்.

நெபோய்ஷா ராஷெதிச்.
வாயில் நிற்காத பெயரைப் பிள்ளைகள்
பாய்ஷா என்று வெட்டிக்கொண்டார்கள்.
அதை நம்பி ரம்ஜான் மாசம்
பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி போனது.
குடித்துவிட்டு
இன்னொரு தூக்கு கேட்டாராம்.

பென்டிரைவை நீட்டி, கரெக்‌ஷன், என்றார்.
இருபத்தெட்டு வருஷம் மூன்றே பக்கத்தில்.
ஸ்டாப்பர் பேக். முன்னூற்றுப் பதினொரு ஆட்டம்.
அடித்த கோல் நாலு,
அதில் ஒன்று சொந்த வலையில்.
அதை எதுக்கு சார் சேர்க்கணும்?
"கோல்னா கோல்தான் மேடம்."

சைப்ரஸ். மால்டா. ஈரானில் ஒரு குளிர்காலம்.
சம்பளம் வராத யாங்கோன்.
கோச் ஆனபின் மாலத்தீவு,
ஓங்கி உதைத்தால் பந்து கடலுக்குப் போகும்,
படகு வரும்வரை ஆட்டம் நிற்கும்.
விலகிய காரணம் என்ற கட்டத்தில்
'ஒப்பந்தம் முடிந்தது' என்று
பதினொரு தடவை ஒட்டினேன்.

பிறந்த நாடு என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.
முதல் பக்கம் யூகோஸ்லாவியா.
ரெண்டில் செர்பியாவும் மாண்டினீக்ரோவும்.
மூன்றில் செர்பியா மட்டும்.
எத்தனை வீடு சார் மாறினீங்க?
"ஒரே வீடு. ஆத்தோரம்.
அம்மா இன்னும் அதே ஜன்னல்கிட்ட.
நாடுதான் காலி பண்ணிட்டுப் போய்ட்டே இருந்துச்சு."

எழுந்து போய் வாசல் சுவரைக் காட்டினேன்.
பழைய எண் 47, புதிய எண் 112.
கார்ப்பரேஷன் ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்தான்,
சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது,
தபால் மட்டும் வழி தவறியது.
சிரித்தார்.
ஏழு மேட்சிலும் காணாத பல்.
அப்படியே போடு, என்றார்.
போட்டேன். பழைய நாடு. புதிய நாடு.

1999 மட்டும் வெறுமையாக இருந்தது.
லீக் பாதியில் நின்ற வருஷம்.
"மேல விமானம். பாலமெல்லாம் ஆத்துக்குள்ள.
ட்ரெயினிங்குக்குப் படகுல போவேன்,
யாரும் வர மாட்டாங்க."

என் பயோடேட்டாவிலும் ஓட்டை உண்டு.
கணேசபுரம் சுரங்கப்பாதை முங்கிய மழையில்
டிரங்குப் பெட்டிக்குள் கஞ்சியாகிப்போன காகிதத்தில்
மாவட்ட அணிக்கு நான் ரைட் ஹாஃப்.
சொல்லவில்லை.
டைப்பிங் இருபது, கதைக்குத் தனி ரேட்.

பிரிண்ட் வந்ததும் பேனா கேட்டார்.
பெயரின் கடைசி எழுத்துக்கு மேலே
மூன்று பக்கத்திலும் ஒரு சின்னக் கீற்று.
என் கீபோர்டில் அது கிடையாது.
எந்த நாட்டு விசாவிலும் இருந்ததில்லையாம்,
ஒவ்வொரு எல்லையிலும் யாராவது
தூசி என்று தட்டிவிட்டிருக்கிறார்கள்.
நான் தமிழில் அடித்துக் காட்டினேன், ராஷெதிச்.
ச்-சின் தலையில் புள்ளி
ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.
ஸ்க்ரீனில் விரல் வைத்து
அதைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசி வரி, சென்னை.
ஒப்பந்தம் முடிந்தது, பன்னிரண்டாவது தடவை
ஒட்டப் போனேன். வேண்டாம், என்றார்.
வேற என்ன போட?
தெரியவில்லை. காலியாக விட்டோம்.

என்ன பெயரில் சேமிக்க என்று கேட்டது மெஷின்.
பாய்ஷா ஃபைனல், என்று அடித்தேன்.
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"ஃபைனல் மட்டும் நான் ஆடினதே இல்ல."
பூடானுக்கு மெயில் போனது.
அறுபத்தாறு ரூபாய்,
சில்லறை இல்லை என்று எழுபது வைத்துவிட்டு
ஷட்டருக்கு மறுபடி குனிந்தார்.